முந்திச் சொன்ன சாட்சி

அந்தச் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். யார் வேண்டுமானாலும் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மைக்கில் சொல்லலாம். வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, தொலைந்த சாவி சோபாவுக்கு அடியில் அகப்பட்டது என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஸ்தோத்திரம் உண்டு. மாமியார் திருந்தினார் என்று மட்டும் இதுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை.

அந்தச் சபைக்கு வரும் தையல்காரி ஒருத்தி அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். சபையில் பாட்டு எடுப்பதும் அவர்தான். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் என்பதால் 'லவுட்ஸ்பீக்கர்' என்றே அவருக்குப் பெயர். ஓட்டும்போதும் பாடுவார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகும் பாட்டு முடியாமல் சீட்டைவிட்டு எழமாட்டார். "பாட்டைப் பாதியில விடக்கூடாது. கேட்டுக்கிட்டு இருக்கிற ஆண்டவர் மிச்சத்தை எங்க போய்க் கேப்பாரு?" என்பார். அவளுக்கும் சுருதிக்குமோ ஏழாம் பொருத்தம். "நீ மனசுக்குள்ள பாடும்மா, அவருக்குக் கேக்கும்" என்று சீண்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவள் சபையில் உதட்டை மட்டும்தான் அசைத்தாள்.

அவருடைய அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் தங்கியது, குரல் போனது. கழுத்தில் மூச்சுவிட ஒரு துளை. அதன்மேல் கட்டிக்கொள்ள மெல்லிய துணியில் சின்னச் சின்ன மறைப்புகள் தைத்துக் கொடுத்தாள்.

நோய் முழுதும் போய்விட்டதா என்று பார்க்கும் சோதனையின் முடிவு வரவேண்டியிருந்தது. கையில் கிடைக்கும் முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று போதகர் அந்த ஞாயிறு பேசினார். இவள் எழுந்து மைக்கை வாங்கி, "என் வீட்டுக்காரருக்குப் பூரண சுகம்!" என்றாள். சபை கைதட்டி ஆர்ப்பரித்தது. ஆண்டவருக்கே அட்வான்ஸ் கொடுத்து விஷயத்தை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

முடிவும் நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் சில மாதங்களில் அவர் சட்டைகள் தொளதொளத்தன. பக்கத் தையலை உள்ளே பிடித்துத் தைத்தாள். கொஞ்ச நாளில் அதே சட்டையை மறுபடி பிடித்தாள். அதற்கடுத்த தடவை தையல் சட்டைப்பையில் வந்து முட்டியது. மருத்துவர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெஷின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

"இனிமே வைத்தியம் இல்லம்மா. வீட்டுல வச்சு வலி இல்லாம பாத்துக்குங்க" என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து சபைக்குப் போவதை நிறுத்தினாள். எந்த முகத்தோடு போவது? சாட்சி நேரத்தில் மைக்கை ஏந்தி நிற்கும் பெண்மணி, எல்லாருக்கும் 'மைக் அக்கா', இரண்டு முறை வீடு தேடி வந்தார். இரண்டு முறையும் வாசலோடு சரி.

"தம்பி எப்படி இருக்காரும்மா?"

"நல்லா இருக்காருக்கா. தூங்குறாரு."

"ஒரு பாட்டு பாடிட்டுப் போறோமே."

"எழுந்துடுவாருக்கா."

உள்ளே தூங்காதவர் மோதிரம் போட்ட விரலால் இரும்புக் கட்டிலைத் தட்டினார். அவள் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"என்னங்க, என்ன வேணும்?"

உதடுகள் அசைந்தன: பாட்டு.

"ஊரைக் கூட்டிப் பாடினா, சுகம்னு சொன்னது பொய்யின்னு ஆகாதா? ஆண்டவருக்குத்தானே கெட்ட பேரு?"

அவர் அவளையே பார்த்தார். கண்ணில் கோபமில்லை, அதுதான் அவளைச் சுட்டது. ஆண்டவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அவள் காப்பாற்றியது தன் மானத்தை. அதற்கு விலை, சாகப்போகிறவர் கடைசியாய்க் கேட்க ஆசைப்பட்ட ஒரு பாட்டு.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரருகே உட்காரவைத்துவிட்டுச் சபைக்குப் போனாள். சாட்சி நேரத்தில் மைக் அக்கா சிரித்த முகத்தோடு மைக்கை நீட்டினார்.

"அன்னிக்கு என் வீட்டுக்காரருக்குச் சுகம்னு சொன்னேன். சுகம் இல்ல. அவரு சாகப்போறாரு. ஆண்டவர் பொய் சொல்லல, நான்தான் முந்திக்கிட்டேன். எனக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரல. ஜெபமும் வரல, சண்டைதான் வருது. அவருக்குப் பாட்டு கேக்கணுமாம். யாராவது வாங்க."

ஒரு அல்லேலூயாகூட எழவில்லை. பின்வரிசையில் யாரோ, "விசுவாசத்துல ஏதோ குறை" என்று முணுமுணுத்தார்கள். மைக் அக்கா மைக்கை நாற்காலியில் போட்டார். அவர் அதைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"குறையாம், குறை! எழுந்திருங்க எல்லாரும். போலாம்."

எல்லாரும் வரவில்லை. வந்தவர்களே அறையில் நிற்க இடமில்லாமல் நெருக்கினார்கள். மருந்து வாடையும் புண் வாடையும் மூக்கைத் துளைத்தன. ஒருவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, வெட்கப்பட்டு உள்ளே வைத்தார். மைக் அக்கா பாட்டைத் தொடங்கினார். கட்டிலில் மோதிரம் தாளம் தட்டியது. தையல்காரி வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்தாள்.

முதல் சரணம் முடிந்ததும் அவர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். விரலை அவள் பக்கம் நீட்டினார்.

"நானா? வேணாங்க. எனக்கு வராது."

மோதிரம் கட்டிலில் ஓங்கி விழுந்தது. பாடு.

அவள் பாடினாள். சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பாட்டு சந்தில் திரும்பத் தெரியாத பஸ்ஸைப் போல எங்கெங்கோ இடித்தது. அவர் அவள் போன இடமெல்லாம் தாளத்தைக் கூட்டிக்கொண்டு போனார். தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நோய் வந்த பிறகு அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை. மாதக்கணக்காய் நெஞ்சில் அடைத்துக் கிடந்தது கரைந்தது. கேட்டது எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த நாற்றமடித்த அறையில் ஆண்டவர் தங்களோடு நெருக்கியடித்து நிற்கிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஸ்தோத்திரம் தானாக வாயில் வந்தது.

மூன்றாம் சரணத்தில் தாளம் தளர்ந்தது. ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு இல்லை.

மைக் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "போதும்மா, நிறுத்து" என்றார் யாரோ.

அவள் மோதிரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடைசிச் சரணம் பாக்கி இருந்தது. பாடினாள்.