அத்தானின் பித்தப்பையில் மிச்சமிருப்பவை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல, அத்தானுடையது. அவர் பித்தப்பையிலிருந்த கல்லை அதிர்வலை வைத்து உடைத்தார்கள். மிச்சத் துணுக்குகள் கரைய, மாதக்கணக்கில் தினமும் பித்த அமில மாத்திரை. மாத்திரை போட்டார், கரைந்தது, சுபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனுஷன் விட்டால்தானே.

2

'அதிகாலை ஒளியில் அவர் மாத்திரை அட்டையைக் கையிலெடுத்தபோது, வாழ்வின்...'

(அடித்துவிட்டேன். அவருக்கு ஏது ஒளி. தினமும் மாத்திரையைப் பிதுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். காலிக் குழிகளைப் பார்த்து அக்கா நிம்மதியாவாள்.)

3

இந்தப் பாத்திரத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. அத்தான் பழைய குளியலறைகளைப் பெயர்த்துப் புது டைல்ஸ் பதிப்பவர். பெயர்த்த சில்லு ஒன்றுவிடாமல் அள்ளிய பிறகுதான் சிமெண்டில் கை வைப்பார். அப்படிப்பட்டவர் வயிற்றுக்குள் சில்லைப் போட்டு வைத்திருக்கிறார். அளவு டேப் எடுக்க அவர் கருவிப்பையைத் திறந்தபோதுதான் ஒரு டப்பா நிறைய அந்த மாத்திரைகளைப் பார்த்தேன். கேட்டேன்.

"அதைப் போட்டா வயித்தால போகுதுடா. நான் வேலைக்குப் போற வீட்ல கக்கூஸை நானே பேத்து வச்சிருக்கேன். எங்க போறது?"

டாக்டரிடம் சொன்னால் ஏதாவது வழி செய்வாரே என்றேன். அது டாக்டரம்மாவாம், இதையெல்லாம் எப்படிச் சொல்வதாம். தலையில் அடித்துக்கொண்டேன்.*

* நிஜமாகவே அடித்துக்கொண்டேன். இன்னும் வலிக்கிறது.

4

நேற்று ஸ்கேன். துணுக்குகள் அப்படியே இருக்கின்றன. மருந்துக்குக் கேட்கவில்லை, வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஒரு வேளைகூடத் தவறவில்லையே என்று அக்கா காலி அட்டைகளை மேசையில் அடுக்கிக் காட்டி அழுதாள். அத்தான் சுவர் டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் அவரை

(இந்த வாக்கியம் அச்சில் ஏறாது.)

5

முடிவுக்கு வருகிறேன். அவரே உண்மையைச் சொல்வதாக முடிக்கலாம். கதையில்கூட நடக்காது. நான் சொல்வதாக முடிக்கலாம். அக்காவிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். எழுதக் கூடாது என்று கேட்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நான் எழுதியதை அவர் என்றைக்குப் படித்தார்?

நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் ஒருத்திதான். அக்கா, முடிவை நீயே பார்த்துக்கொள். கருவிப்பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திற. பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கும். வியாழனுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.