காரணம் கேட்ட கரை

நாயாற்றுக் கரையில் மீன் வாங்க வாய் இருந்தால் போதும், கால் எதற்கு என்று மீன் வியாபாரி புனிதம் பகிடி விடுவாள். போன கிழமை அவளுடைய வலது உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறி முறிந்தது. அந்த முள்ளோடேயே நின்று ஒரு பாரைக் குவியலுக்கு விலை பேசி முடித்தாள். மணலில் இரத்தத்தைக் கண்டு கத்தியது ஏலம் கூறுகிற மரியநேசன்தான். அவளுக்கு நோவும் தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை. பகிடி அன்றோடு நின்றது.

கால் விறைப்பும் எரிவும் தொடங்கி இரண்டு வருசம். கரையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சீனி வருத்தம் என்று தமக்கை ஸ்ரெல்லா தேத்தண்ணியில் சீனியை நிறுத்தினாள். மடு மாதாவுக்கு வைத்த நேர்த்தியை மறந்த குற்றம் என்றாள் ஒருத்தி. மீன் வாங்க வந்தவன்கூட, போகிறபோது ஒரு காரணத்தைச் சும்மா தந்துவிட்டுப் போனான்.

கடைசியில் வவுனியாவில் ஒரு இளம் டொக்டர். இரத்தம் எடுத்து, காலில் கரண்ட் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா.

"அம்மா, நரம்பு பழுதாகியிருக்கு. எதாலயெண்டு தெரியேல்லை. கனபேருக்கு இப்பிடித்தான், தேடியும் காரணம் பிடிபடாது."

"தெரியாதெண்டு சொல்லவோ பிள்ளை இவ்வளவு இரத்தம் எடுத்தனீங்கள்?"

டொக்டர் சிரித்துவிட்டா. "சீனி இல்லை, விற்றமின் குறைவில்லை, குட்டமும் இல்லை. அதெல்லாம் பாத்துத்தானே சொல்லுறன். உடம்பில ஆக நீளமான நரம்பு காலுக்குப் போறது. அதின்ர நுனியிலதான் முதல் பழுது வரும். எரிவுக்குக் குளிசை தாறன். விறைப்பை எடுக்க என்னட்டை மருந்தில்லை. இனிச் சப்பாத்து இல்லாமல் மண்ணில கால் வைக்காதேங்கோ. நாளும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கோ, காயம் வந்தாலும் கால் உங்களுக்குச் சொல்லாது."

பொய்ச் சரக்கைத் தலையில் கட்டாத ஆளைப் புனிதத்துக்கு எப்போதும் பிடிக்கும். வழியிலேயே ஒரு சோடி றப்பர் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சப்பாத்தில்தான் சிக்கல். அவள் மீன் வாங்குவது கடலிலிருந்து கரைக்கு இழுத்து விரிக்கும் கரைவலையில்; பாதர் வந்து தீர்த்தம் தெளித்த வலை அது. மணலில் விரித்துக் கிடக்கும் வலைக்குள் செருப்புக்காலோடு ஒருவரும் போவதில்லை. மீனோ வலையின் நடுவில், பைபோன்ற மடிக்குள் கிடக்கும். கிட்டப்போய்ப் பார்க்காமல் விலை கேட்பது எப்படி? விலை கேட்கிற இடம் போனால் புனிதத்துக்கு வேறு பிழைப்பில்லை.

சம்மாட்டி ஸ்ரனிஸ்லஸ், வலைக்குச் சொந்தக்காரர், கையை நீட்டி மறித்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா பிள்ளை."

"ஏலாது சம்மாட்டியார். டொக்டர் மறிச்சவா. நரம்புப் பழுதாம்."

"எதால?"

"தெரியாது."

"நல்ல கதை. நாளைக்கு ஊர் முழுக்கத் 'தெரியாது' எண்டு செருப்போட வரும்." பிறகு குரலை இறக்கினார். "கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளனில நிண்டனிதானே? ஷெல் பட்ட காலெண்டு சொல்லு. ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

மலிவான பேரம். ஒரே ஒரு சொல், இருக்கிற காலம் வரைக்கும் இடம் நிச்சயம். புனிதத்துக்கு ஒரு கணம் நாக்கு ஊறியது.

"ஷெல் பட்டது என்ர மனுசனில," என்றாள். "என்னில ஒரு கீறலும் இல்லை. அந்தாளின்ர சாவை என்ர காலில மாட்டிக்கொண்டு நடக்கமாட்டன்."

"அப்ப வெளியில நில்லு."

நின்றாள். மரியநேசன் ஏலம் கூறத் தொடங்கினான். வவுனியா வியாபாரிகள் இரண்டுபேர், புனிதம் உள்ளே இல்லை என்றதும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் அடிமாட்டு விலை சொன்னான். மற்றவன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் ஏறியது. பாரையின் கண் மங்கத் தொடங்கியது.

"நீ ஒரு விலை சொல்லன் புனிதம்!" மரியநேசன் கெஞ்சினான்.

"இஞ்சயிருந்து மீன் தெரியேல்லை. கண்ணால காணாத மீனுக்கு நான் விலை சொல்லமாட்டன்."

ஸ்ரனிஸ்லஸ் அவளைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், வெயிலையும் பார்த்தார். வாய்க்குள் ஏதோ திட்டினார். "டேய், படங்கை வெளியில விரியுங்கோ. மீனை அதில கொட்டுங்கோ."

வலைக்கு வெளியே, புனிதத்தின் சப்பாத்துக்கு முன்னால் மீன் வந்து விழுந்தது. தன் மரியாதையும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று சம்மாட்டி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "பாவம், ஷெல்லடிச்ச கால், அதுதான்..."

வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்தது. திறந்தால் மீன் திரும்பவும் வலைக்குள் போய்விடலாம் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இல்லை," என்றாள் அதைவிடச் சத்தமாக. "ஷெல்லும் இல்லை, சீனியும் இல்லை, மாதாவின்ர கோவமும் இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் பழுதாப்போன கால். அப்பிடியும் நடக்கும். நாளைக்கும் படங்கு இதில விரிச்சிருக்க வேணும்."

சம்மாட்டி மரியநேசனுக்குத் தலையை ஆட்டினார். "கூறடா."

புனிதம் குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, வவுனியாக்காரன் சொன்னதுக்கு மேலே ஒரு துளி ஏற்றி விலை சொன்னாள்.

ஸ்ரனிஸ்லஸ் தலையில் கையை வைத்தார். "கொஞ்சம் இரக்கம் காட்டு பிள்ளை!"

"நான் உங்களிட்டக் கேட்டனானோ சம்மாட்டியார், இரக்கம்?"