கன்னியப்பன் வயிற்றில் ஏற்றிய மாவிளக்கு

பூவம்மாளுக்கு வயிற்றுவலி வந்தது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம். பட்டாளத்துக்குப் பூட்ஸ் வேண்டியிருந்ததால் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் ஆட்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவள் புருஷன் கன்னியப்பன், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை எடுத்து மயிர் வழிக்கிறவன். விடிந்து போனால் பொழுது சாயத்தான் வருவான். ஒடுகத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத அவளுக்கு ஒருநாள் தொப்புளுக்குக் கீழே யாரோ கயிறு முறுக்குவதுபோல் முறுக்கியது. இருபது வருஷமாகியும் அந்த வலி போகவில்லை. இப்போதெல்லாம் அவள் அதைத் திட்டுவதுகூட இல்லை. ஆடி மாதத்தில் எந்த வீட்டிலாவது அரிசிமாவும் வெல்லமும் சேர்த்து இடிக்கிற வாசனை வந்தால் மட்டும், கை தானாக வயிற்றுக்குப் போகும். மனசு அந்த நாட்களுக்குப் போகும்.

வலி என்றால் அதற்கொரு நியாயம் வேண்டாமா? இவளுடையதற்கு அதெல்லாம் கிடையாது. சாப்பிட்டாலும் வரும், பட்டினி கிடந்தாலும் வரும். பத்து நாள் ஒளிந்திருந்துவிட்டுப் பதினோராம் நாள் அண்டை வீட்டுக்காரிபோல் உரிமையோடு உள்ளே வரும். ஓமம், பெருங்காயம், வேப்பங்கொழுந்து எல்லாம் விழுங்கியாயிற்று. குடல் ஏறியிருக்கிறதென்று ஒருத்தி எண்ணெய் போட்டு நீவினாள். பக்கத்து வீட்டு ஹலீமா பீ தர்காவிலிருந்து ஓதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேலூருக்கு ரயிலேறிப் போனபோது ஒரு டாக்டரம்மா வெகுநேரம் அழுத்திப் பார்த்து, காரணம் பிடிபடவில்லை, ஆனால் வலியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன் என்றாள். ஊர் திரும்புவதற்குள் அந்தப் பேச்சில் பின்பாதி கழன்று விழுந்துவிட்டது. தெருவுக்கு வந்து சேர்ந்தது, டாக்டரம்மாவே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாளாம் என்பதுதான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மாமியார் முனியம்மாவுக்கோ ஆயுசில் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வேலைக்கு வளையாதவளுக்குத்தான் வயிறு வளையும் என்பது அவள் கட்சி. ஒரு வருஷம் பார்ப்பேன், சரியாகாவிட்டால் ஒடுகத்தூரில் கொண்டுபோய் விட்டுவிட்டு என் பிள்ளைக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று கிணற்றடியில் நாலு பேர் கேட்கவே சொன்னாள். பூவம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டுக்கு எந்த முகத்தோடு திரும்பிப் போவது?

ஆனால் அதே முனியம்மாதான் கெங்கையம்மனுக்கு நேர்ந்துகொண்டவளும். ஒருத்தர் வாசலிலும் நின்று பழகாத ரோஷக்காரி, ஈரப்புடவையோடு ஏழு வீடு ஏறி இறங்கி மடிப்பிச்சை வாங்கினாள். அந்த அரிசியை இடித்து மாவிளக்குச் செய்தாள். ஆடி வெள்ளியன்று பூவம்மாளைக் கோயிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றில் ஈரத்துணி போட்டு, வாழையிலை வைத்து, அதன்மேல் விளக்கை ஏற்றினார்கள். திரி அணைகிறவரை அசையக் கூடாது. சுற்றிலும் தெருவே நின்றது. பொய் சொல்கிறாள் என்று ஒரு வாயும் அன்றைக்கு முணுமுணுக்கவில்லை. இளஞ்சூடு இறங்கியதாலோ என்னவோ, வலியும் அடங்கிக் கிடந்தது.

"போச்சா?" என்று குனிந்து கேட்டாள் முனியம்மா. விரதம் கிடந்த பட்டினியில் மாமியாரின் உதடு வெடித்திருந்தது.

"போச்சு அத்தை."

நாலாம் நாள் வலி திரும்பி வந்தது. யாரிடம் சொல்வது? வலி போகவில்லை என்று சொன்னால், ஒன்று அம்மன் பொய், இல்லையென்றால் இவள் பொய். இரண்டில் எதைத் தெரு நம்பும் என்று பூவம்மாளுக்குத் தெரியாதா என்ன? வாயைப் பொத்திக்கொண்டாள். மருமகள் பிழைத்த சந்தோஷத்தில் மாமியார் மிளகாயை அள்ளிப் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், அதையும் இவள் தின்றாள். தாங்க முடியாதபோது அம்மிக்கல்மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு, அரைப்பதுபோல் பாவனை செய்தாள். கன்னியப்பன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் எதைத்தான் கேட்டான், மூன்று வார்த்தை பேசினால் ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிற ஆள்.

புரட்டாசியில் ஒருநாள் அவன் ஷாப்பிலிருந்து பாதி வேலையில் வந்து, வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான்.

அப்போது பார்க்க வேண்டுமே முனியம்மாவை. மருமகள் வலி வேறு, பெற்ற பிள்ளையின் வலி வேறு அல்லவா! வீட்டில் மிளகாய்ப் பானை பரணுக்குப் போனது. இரண்டு வேளையும் நொய்க்கஞ்சி, மோர், சீரகத் தண்ணீர். அடுப்போரம் எப்போதும் ஒரு செங்கல் சுட்டுக்கொண்டிருந்தது, துணியில் சுற்றி வயிற்றில் வைக்க. கன்னியப்பன் பாதிக் கஞ்சி குடித்துவிட்டு, "போதும், நீ குடி" என்று பானையைத் தள்ளுவான். "சூடு ஜாஸ்தி, எட்த்துக்கினு போ" என்று செங்கல்லை அவளிடமே நீட்டுவான்.

கஞ்சி அவள் வயிற்றுக்கு இதமாக இருந்தது; மனசுக்கு இல்லை. தான் சொன்ன பொய்க்கு அம்மன் கோபித்துக்கொண்டு புருஷனைப் பிடித்துவிட்டாள் என்று பூவம்மாள் நினைத்தாள். வேறு எப்படி நினைப்பாள்? ஒவ்வொரு வாய்க் கஞ்சியும் அவன் உயிரைக் குடிப்பதுபோல் இருந்தது. அடுத்த ஆடிக்கு முனியம்மா மகனுக்காக மறுபடி மடிப்பிச்சைக்குக் கிளம்பியபோது இவள் தீர்மானித்துவிட்டாள். கோயிலில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டியது. ஒடுகத்தூருக்கு அனுப்பினால் அனுப்பட்டும், அவன் பிழைத்தால் போதும்.

ஆம்பிளை வயிற்றில் மாவிளக்கைப் பார்க்கக் கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். பம்பை மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் சொல்வதற்கு முன்னால் அவனுக்குச் சொல்லலாமென்று பூவம்மாள் அவன் தலைமாட்டில் குனிந்தாள்.

"எனக்கு வலி போவவே இல்லய்யா. போச்சுன்னு பொய் சொன்னேன். அதான் உன் மேல ஏறிடுச்சு. இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

கன்னியப்பன் கண்ணைத் திறந்தான். "நீ அம்மிய கட்டிப் புடிச்சிக்கினு நிக்கறது எனக்குத் தெரியாதா? வாய மூடிக்கினு இரு. எனக்கு ஒரு வலியும் இல்ல."

சொன்னவனுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தான், வயிறு குலுங்கியது, விளக்கு ஆடியது, கொதிக்கிற நெய் சரிந்து தோலில் ஊற்றியது. அம்மன் அவன் வயிற்றில் இறங்கிவிட்டாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். பூவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் அவளுக்கே தெரியாது.

"போச்சாடா?" என்றாள் முனியம்மா.

அவன் பூவம்மாளைப் பார்த்தான். "கம்மியாய்க்கிதும்மா. முழுசா போவல."

அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒன்பது ஆடி படுத்து எழுந்தான். கருவாட்டுக்கு உயிரை விடுகிறவன் ஒன்பது வருஷம் கஞ்சி குடித்தான். ஷாப்பில் அவனுக்கு 'வயித்துவலி கன்னியப்பன்' என்றே பெயர் நிலைத்தது. ஊரில் யார் வீட்டில் கருவாடு வறுத்தாலும் அவன் நடை கொஞ்சம் மெதுவாகும். பூவம்மாள் அதைப் பார்த்துச் சிரிப்பாள். வலியோடு இருந்த வருஷங்கள்தான். ஆனால் அவளைக் கேட்டால் அதைப்போல் ஒரு காலம் இல்லை என்பாள்.

பத்தாம் வருஷம் விஷக்காய்ச்சல் ஐந்தே நாளில் அவனைக் கொண்டுபோனது. குளிப்பாட்டும்போது தொப்புளுக்குப் பக்கத்தில் அந்த நெய்த் தழும்பு தெரிந்தது. பாவம், வயிற்றுவலியிலேயே போய்ச் சேர்ந்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பூவம்மாள் யாரையும் திருத்தவில்லை. அவன் இல்லாத வீட்டில் இனி யார் பேரைச் சொல்லிக் கஞ்சி காய்ச்சுவது என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலை. கண்ணும் மங்கி இடுப்பும் வளைந்துவிட்ட முனியம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து நொய்யைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செங்கல் சுட்டுக்கொண்டிருந்தது.

"யாருக்கு அத்தை?" என்றாள் பூவம்மாள்.

"வலிக்கறவளுக்குத்தான்." கிழவி திரும்பிப் பார்க்கவில்லை. "கல்லத் துன்னாலும் செரிக்கற வவுறு அவனுக்கு. பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லல?"

"ஏழு வூட்ல மடியேந்தினேன். அது பலிக்கலன்னு எப்டி என் வாயால சொல்லுவேன்?" அடிப்பிடிக்காமல் கஞ்சியை ஒரு சுற்றுக் கிளறினாள். "மொத வருசத்த வுட்டுடு, அவனுக்கு வந்துடுச்சின்னு நெசமாவே பயந்தேன். அப்புறம் ஏத்தின வெளக்கெல்லாம் உனக்குத்தான்."

முனியம்மா செங்கல்லைத் துணியில் சுற்றி, தடவித் தடவி வந்து, மருமகள் வயிற்றில் தானே வைத்தாள்.