அண்ணன் தொண்டையிலிருந்து எடுத்தது

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் நெருப்புப் போட்டுக் காய் உலர்த்துவது பதினெட்டு வருடமாக என் வேலை. ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்தால் சரக்கு போச்சு. இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. தெரியாதவன் சும்மா இருந்திருக்கலாம்.

என் அண்ணன் பிச்சைமணிக்கு ஆறு மாதமாகச் சோறு நெஞ்சில் நின்றது. மதுரையில் ஒரு டாக்டர் அவரைப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் தொங்கவிட்டு, இரும்புக் குழாய் ஒன்றை உணவுக்குழாய்க்குள் இறக்கினார். உள்ளேயிருந்து மிளகளவு சதையைக் கிள்ளி, மருந்துத் தண்ணீர் ஊற்றிய சீசாவில் போட்டு என்னிடம் தந்தார். மெட்ராசில் பரிசோதனைக் கூடத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். புற்றுநோயா இல்லையா என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

வெளியே வந்த அண்ணன் வாயில் ரத்தத்தோடு சொன்னார்: "வேலு, இன்னொருக்கா அந்தக் குழாய விடணும்னா என்னையப் பொதச்சிட்டு விடச் சொல்லு."

மெட்ராஸ் போக மூன்று நாள் இருந்தது. காய் பறிப்புக் காலம். வீட்டில் பிள்ளைகள் கை வைத்துவிடும் என்று சீசாவையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். ஸ்டோரில் திறந்து பார்த்தால் துண்டு வெளுத்து ஊறிக் கிடந்தது. நாற்றம் வேறு கண்ணைக் கரித்தது. அழுகத் தொடங்கிவிட்டது என்று பதறிப்போனேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு, காகிதத்தில் வைத்து, அடுப்புச் சூட்டில் கருகாமல் பக்குவமாக உலர்த்தினேன். அன்று என் மேலேயே எனக்குப் பெருமை.

மெட்ராசில் பொட்டலத்தைப் பிரித்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை எவன்யா காய வச்சான்? இனி இதுல ஒண்ணும் பாக்க முடியாது."

ரயிலில் உட்கார முடியவில்லை. கதவோரம், கக்கூசுப் பக்கம், மறுபடி கதவோரம். களவு போனது என்பதா, மெட்ராஸ்காரன் தொலைத்துவிட்டான் என்பதா? ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பொய் யோசித்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"தண்ணியக் கொட்டிக் காய வச்சிட்டேண்ணே. கெட்டுப்போச்சாம்."

அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பிறகு, "நல்லாக் காஞ்சதா?" என்று கேட்டார். அடித்திருந்தால் தேவலை.

அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை. நான் அவர் வாசலுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக அலைந்தேன். மூன்றாம் நாள் கஞ்சியும் இறங்காமல் திரும்பி வந்தது. மதினி முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். அண்ணன் வாயைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"வெரசாக் கெளம்பு. ரயிலு போயிரும்."

மறுபடி குழாய். வெளியே நின்று நான் கேட்ட சத்தத்தை யாரிடமும் சொல்லமாட்டேன். இறுகியிருந்த இடத்தை டாக்டர் கொஞ்சம் அகட்டியும் விட்டார். இந்த முறை துண்டை அவரே அனுப்பினார். பதினோரு நாள் கழித்துப் போனபோது முடிவு வந்திருந்தது.

"புற்றுநோய் இல்லை," என்றார் டாக்டர். "ஆனால் உணவுக்குழாயின் உள்தோல் மாறத் தொடங்கியிருக்கிறது. விட்டுவிட்டால் புற்றாகலாம். புகையிலையை நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும்."

"எத்தன வருசத்துக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"ஆயுசு முழுக்க."

நான் தரையைப் பார்த்தேன். இனி இவர் மதுரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார், அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தேன்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். "அம்புட்டு வருசம் நான் இருப்பேங்கிறாராடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாண்ணே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.