மாலை விழுந்த படம்

1.

இந்தக் கதை என் ஆர்வக்கோளாறில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

நீடாமங்கலம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் மாணவர்களின் ஓவிய, புகைப்படக் கண்காட்சி. கதை எழுதுகிறவன் என்று என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் பரிசு பிளஸ் ஒன் படிக்கும் பரிதிக்கு. லீவில் வந்தபோது அவள் எடுத்த அப்பா நடராசனின் முகம், பெரிய சட்டத்தில். எனக்குப் போட்ட செவ்வந்தி மாலையைக் கழற்றி, பெருந்தன்மை காட்டுகிறேன் பேர்வழி என்று, அந்தப் படத்துக்குப் போட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்திலேயே திறப்பு விழாக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷன் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

2.

(முதலில் எழுதிய தொடக்கம்: "வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று அகிலாண்டம்..." அடித்துவிட்டேன். தண்ணீரைக் காட்டித் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன்.)

அகிலாண்டம் பரிதியின் அம்மா. நடராசன் பதினோரு வருஷமாகக் கத்தாரில். குறுவை, சம்பா இரண்டையும் அகிலாண்டம்தான் தனியாகப் பார்க்கிறார். வருகிற ஆவணியில் நடராசன் ஒரேயடியாக ஊர் திரும்புகிறார். இவ்வளவும் பரிதி குஷியாகச் சொன்னது.

3.

வயலில் நடவாட்களை விட்டுவிட்டு மதியம் அகிலாண்டம் வந்தார். படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"எப்போ?" என்றார் என்னிடம். குரலில் பதற்றமே இல்லை.

அப்போது அவர் முகம், தலைச்சுமையை இறக்கி வைத்தவர் முகம்போல—

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

பரிதி ஓடி வந்தாள். "அம்மா, அப்பா நல்லாத்தாம்மா இருக்காங்க. ஃபர்ஸ்ட் பிரைஸ் குடுத்திருக்காங்க, அதுக்குத்தான் மாலை."

அதற்கப்புறம்தான் அகிலாண்டம் அழுதார். சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

4.

ஆனந்தத்தில் அழுதார் என்று ஒரு முடிவு எழுதினேன். தலைமையாசிரியரின் முடிவும் அதுதான். சோடா வாங்கிக் கொடுத்து, "அவருக்கு ஆயுசு கெட்டிம்மா" என்று தேற்றினார். அதிர்ச்சியில் சிலர் அப்படித்தான் மரத்துப்போவார்கள் என்று இன்னொரு முடிவு எழுதினேன்.

இரண்டும் பொய். நான் பார்த்தது நிம்மதி. முப்பது வருஷம் கதை எழுதியவன், அதைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். அந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்று இட்டுக்கட்ட எனக்குத் தெரியும். செய்யமாட்டேன்.

5.

அகிலாண்டம் வயலுக்குத் திரும்பியபின் மாலையைக் கழற்றினேன். பரிதி வந்து நின்றாள்.

"சார், நான் ஓடி வர்றதுக்கு முன்னாடி அம்மா மொகத்தப் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"பரிசப் பாத்து சந்தோஷப்படுவாங்கன்னு நான் கேமராவோட நின்னேன் சார்."

திருப்பிக் காட்டினாள். நான் எழுத முடியாமல் விட்ட வாக்கியம் அந்தச் சின்னத் திரையில் முழுசாக இருந்தது.

"அழிச்சிரட்டுமா சார்?"

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த முகத்தை இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள். பிள்ளை கேமராவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சொல்லுங்கள், அழிக்கட்டுமா?