பின்சுவரில் ஒரு சுவிட்ச்

சிவதர்ஷன் கதவைத் தட்டமாட்டார். கரண்ட் வேலைக்கு வந்த அருமைநாயகம் அண்ணனுக்கு இதை விளங்கவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"உன்ட மனுசன் வந்தா தட்டுவார்தானே, மேனுகா," என்றார், ஏணியைச் சாத்தியபடி.

"தட்டமாட்டார் அண்ணன். அதுக்குத்தான் அந்தச் சுவிட்சே."

சண்டைக் காலம் அது. இருட்டிய பிறகு கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், யாரென்று கேட்கவும் பயம், திறக்கவும் பயம். என் மனுஷனுக்கு வயரிங் வேலை. கல்லடியில் இந்த வீட்டைக் கட்டியபோது அறை விளக்குக்கு இரண்டு சுவிட்ச் வைத்தார். ஒன்று கட்டிலோரம். மற்றது வெளியே, பின்சுவரில், தாழ்வாரத்தின் கீழே. பிந்தி வந்தால் வெளியே நின்று அதை அமத்துவார். அறைக்குள் விளக்கு எரியும், நான் எழும்பிப் போய்த் திறப்பேன். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு.

2004 ஐப்பசியில் உன்னிச்சைக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. மார்கழியில் கடல் வந்தது. நான் வெல்லாவெளியில் அக்கா வீட்டில் கிடந்த மாதங்களில், யாரோ உதவிக்காரர்கள் எஞ்சி நின்ற சுவர்களைத் திருத்திக் கொடுத்தார்கள். மேசன்மார் பின்ஜன்னலை அடைத்து, சுவிட்சையும் சேர்த்துப் பூசிவிட்டார்கள். நல்ல வழுவழுப்பான பூச்சு, குறை சொல்ல முடியாது.

ஐந்து வருடம் பேசாமல் இருந்தேன். இப்போது சண்டை முடிந்து, முகாம்களில் இருந்து ஒவ்வொருவராக வருகிறார்கள். அவரும் வந்தால்? இருட்டில் சுவரைத் தடவிப் பார்ப்பார். சுவிட்ச் இருக்காது. வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். இந்த நினைப்பு என்னைத் தின்றது.

அண்ணன் கட்டிலோரச் சுவிட்சைக் கழற்றினார். "மூணு வயர் வருது. நீ சொன்னது சரிதான். ஆனா எந்தப் பக்கத்தால போகுதெண்டு ஆருக்குத் தெரியும்? படம் ஒண்டும் கீறி வைக்கல்லையா?"

"எல்லாம் மண்டைக்குள்ள இருக்கெண்டுவார்."

அந்த மண்டையையும் கொண்டுதானே போனார் என்று எனக்குக் கோபம் வந்தது.

அண்ணன் ஒரு சின்ன ரேடியோவை எடுத்தார். எந்த நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை வைத்து, சுவரோடு ஒட்டி நகர்த்தினார். உள்ளே வயர் ஓடும் இடத்தில் அது இரைந்தது. விலகினால் அடங்கியது. நான் பின்னாலேயே பென்சிலால் கோடு கீறிக்கொண்டு போனேன். கோடு மேலே ஏறி, அறையைக் கடந்து, பின்சுவரில் இறங்கி, என் தோள் உயரத்தில் நின்றது. என் மனுஷனுக்கு அது நெஞ்சளவு.

மெயினை நிறுத்திவிட்டு அந்த இடத்தை வெளிப்பக்கத்தில் கொத்தினார். துருப்பிடித்த சுவிட்ச் வந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினார். கட்டிலோரச் சுவிட்சையும் பழையபடி பூட்டி, மெயினைத் திரும்பப் போட்டார்.

"உள்ளுக்குப் போ புள்ள. நான் அமத்திப் பாக்கன்."

பட்டப்பகல். பக்கச்சுவர் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் இருந்தேன். சோதனைதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

விளக்கு எரிந்தது.

அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டே பின்கதவுக்கு ஓடினேன். தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தேன். தலையெல்லாம் சீமெந்துத் தூசியோடு அருமைநாயகம் அண்ணன் நின்றார்.

"எரிஞ்சதா புள்ள?"

"ஓம்," என்றேன். "இன்னொருக்கா அமத்துங்க அண்ணன்."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.