இட்டேரியில் இறங்கிய மார்கழி

இரண்டாயிரத்தாறு சித்திரையில் மங்கலத்துக்குத் தெற்கே ஒரே ஒரு இட்டேரியில் மட்டும் மார்கழி வந்தது. இருபுறமும் கிளுவை வேலி போட்ட மண்தடம் அது. பொங்கலுக்கு வாசலில் காப்புக் கட்டத் தேடுகிற பூளைப்பூ அங்கே வெள்ளையாகப் பொங்கியது, ஆவாரை மஞ்சளாய் நின்றது, தும்பையில் பனி சொட்டியது. இரண்டடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன் உழுது விதைக்கும் காட்டில் வெயில் நூற்றைந்து டிகிரி. காரணம் கண்டுபிடிக்க ஊருக்கு மூன்று நாள் ஆயிற்று. பனியன் கம்பெனியில் வெளிநாட்டுக் குளிருக்கான துணியைக் கோடையில்தான் தைப்பார்கள். அங்கே ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் செல்லத்தாய், சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், வேலை விட்டு இந்த வழியே நடக்கும்போது சேலையில் ஒட்டிய பஞ்சை உதறிக்கொண்டே போவாள். பஞ்சு விழுந்த இடத்தில் அந்தத் துணிக்குரிய பருவம் முளைத்தது. அவ்வளவுதான் விஷயம்.

செல்லத்தாய்க்குப் பூவைவிட வழி பெரிது. இட்டேரியில் போனால் கம்பெனி கால் மணி நேரம், ரோட்டைச் சுற்றினால் ஒரு மணி. படுத்த படுக்கையான மாமியாருக்குக் கஞ்சி ஊட்டாமல் எட்டு மணிக்கு முன் கிளம்ப முடியாது. எட்டரைக்குச் சங்கு ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பொங்கியண்ணனோ தடத்தையும் சேர்த்து வீட்டு சைட் போட்டு விற்கக் கல் நட்டிருந்தார்.

"இது எங்க பாட்டன் உட்ட தடமுங்க அம்மிணி. திங்கக்கெழம ஜேசிபி வருது, நீங்க ரோட்டுல போயிக்கோங்க" என்றார், மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல்.

"இம்புட்டுப் பூ பூத்திருக்கே, பாக்கலையா அண்ணாச்சி?"

"அதுக்கென்னுங்க. கம்பெனில குளுருத்துணி ஆர்டரு சனிக்கெழமயோட முடியுதாமா. பூவும் போயிரும்."

மனுஷன் விசாரித்துத்தான் வைத்திருந்தார். சனிக்கிழமை கடைசிப் பெட்டி லாரி ஏறியது. ஞாயிறு காலை செல்லத்தாய் கம்பெனி முழுக்கக் கூட்டினாள். மிஷின்களுக்கு அடியில் ஒரு மாதமாகச் சேர்ந்த பஞ்சைப் பதினோரு மூட்டை கட்டி, ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து இட்டேரி நெடுகக் கொட்டினாள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று சிரித்த வாய்கள்தாம், அப்போதே தெரியும் என்று இப்போது சொல்கின்றன.

திங்கட்கிழமை ஜேசிபி பத்தடி உள்ளே போய், இரண்டு முறை இருமி, உறைந்து நின்றது. இறங்கி ஓடிய டிரைவர் வெயிலில் நின்று குளிர் காய்ந்தார். பூளைப்பூ இடுப்பளவு. பொங்கியண்ணன் சித்திரை மாதத்தில் குரங்குக் குல்லா போட்டு, அதன்மேல் துண்டும் கட்டி, மூடுபனிக்குள் நின்றதை இரண்டு முனையிலும் ஊரே வியர்வை வழிய வேடிக்கை பார்த்தது. அப்போது செல்லத்தாய் தூக்குவாளியோடு பூக்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒதுங்குங்க அண்ணாச்சி, சங்கு ஊதிரும்."

பொங்கியண்ணனுக்குப் பல் தந்தியடித்தது. ஒதுங்கினார். நட்ட கற்களை இன்றுவரை பிடுங்கவில்லை, அவற்றில் கண்வலிக்கொடி ஏறிப் பூத்துக் கிடக்கிறது.

ஐப்பசியில் கம்பெனி கோடை ஆர்டரைப் பிடித்தது. ஊரெல்லாம் அடைமழை, இட்டேரியில் கொன்றை பூத்து வெயில் கொளுத்தியது. மங்கலத்துப் பெண்கள் வத்தல் போடுவதற்கு இப்போது காலண்டரைப் பார்ப்பதில்லை, கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறது என்று கேட்கிறார்கள். முதல் ஆளாக மிளகாய்க் கூடையோடு வந்தது பொங்கியண்ணன் சம்சாரம் தெய்வாத்தாள்.

"ஏனுங் செல்லத்தாயி, எங்க காயப் போடட்டுங்க?"

செல்லத்தாய் முந்தானையை உதறிக்கொண்டே சொன்னாள்: "எங்கன வேணும்னாலும் போடுங்கக்கா. நடுவுல வழிய மட்டும் விட்டுருங்க."